குமிழ் எண்ணுதல்

புதன் மாலை என் தட்டில் கிடந்த சீட்டு:
நாளை ஐந்தாம் பீரியட், பத்தாம் வகுப்பு, ஒளிச்சேர்க்கை,
எட்டு செட், நன்றி, ஆக்ராய்ட்.
நன்றிக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.
போன வருடம் மாதிரி ஆகிவிடக் கூடாது
என்று அதற்குப் பொருள்.

எட்டு பீக்கர். எட்டு விளக்கு.
எட்டு அடிக்கோல். எட்டு நிறுத்துகடிகாரம்,
ஒன்றில் பாட்டரி இல்லை;
லூயிஸ் பிக்கர்ஸ்கில் தன் கைபேசியைப் பார்த்துக்கொள்வான்,
எப்படியும் பார்க்கத்தான் போகிறான்.
தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா.
மீன்தொட்டிக் கடையில் நாலு பவுண்டுக்கு வாங்கிய நீர்ப்பூண்டைத்
தண்ணீருக்குள்ளேயே சாய்வாக வெட்டித்
தலைகீழாக நிறுத்தினேன்.
மிதந்து வந்துவிடாமல் இருக்க
ஆளுக்கொரு காகிதக் கவ்வி.

இதன் ஒன்றுவிட்ட தங்கையை
விருத்தாசலத்தில் நான் வரைந்திருக்கிறேன்.
ஹைட்ரில்லா. புனல். கவிழ்த்த சோதனைக்குழாய்.
பாகம் குறித்தால் ஐந்து மதிப்பெண்.
குமிழ்களைப் பென்சில் நுனியால்
சின்னச் சின்னச் சுழிகளாகப் போட வேண்டும்.
ஐம்பத்து நாலு பேரும் போட்டோம்.
ஒருத்தியும் அந்தச் செடியைப் பார்த்ததில்லை.
பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம்
ஏரி முழுக்க அதுதான் என்று
பிற்பாடு தெரிந்தது.

ஹடர்ஸ்ஃபீல்டில் நவம்பர்.
இரண்டரை மணிக்கே வானம் கடையைக் கட்டியாயிற்று.
திரைகளை இழுத்துவிட்டு விளக்குகளைப் போட்டார்கள்.
முப்பது தலைகள் பீக்கர்களுக்கு மேல் குனிந்தன.
ஒன்றும் வரவில்லை.
நான் கதவோரம் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
பந்தியில் ரசம் கெட்டுப்போனதை அறிந்த
சமையற்காரிபோல.

ஐந்தே நிமிடத்தில் மூன்றாம் மேசைக்கு விடை கிடைத்துவிட்டது.
பத்து சென்டிமீட்டரில் நாற்பத்திரண்டு,
இருபதில் இருபத்தொன்று, முப்பதில் பதினாலு.
அழகான எண்கள். வளைகோடு
சறுக்குமரத்தில் இறங்குகிற பிள்ளையாக இறங்கும்.
நாலாம் மேசை அதையே எடுத்து
ஆங்காங்கே ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துக்கொண்டது.
எனக்குக் கோபம் வரவில்லை.
நாற்பத்திரண்டு சுழி போட்ட கைதானே இதுவும்.

ஐந்தாம் மேசையில் ஸுனேரா
பத்துக்கு நேரே 0 என்று எழுதினாள்.
இருபதுக்கு 0. முப்பதுக்கு 0.
அழுத்தி, ஒவ்வொன்றையும் முழுதாக மூடி.

"மிஸ், இதுக்கு வரைபடம் எப்படிப் போடறது?"

ஆக்ராய்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் மிச்சம்,
வீட்டுப்பாடம் சொல்லவில்லை,
பின்வரிசையில் யாரோ கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.
"பக்கத்து மேசை எண்களை எடுத்துக்கோ, கண்ணு."

"அது அவங்க செடி, மிஸ்."

மணி அடித்தது.

நாலேகாலுக்கு ஏழு பீக்கரைக் கொட்டிக் கழுவியிருந்தேன்.
ஆட்டு இதயங்கள் வந்து சேர்ந்துவிட்டனவா என்று
குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தேன். இருபது. சரி.
திரும்பினால், ஐந்தாம் மேசை விளக்கை
யாரும் அணைக்கவில்லை.

வெட்டுவாயில் ஒரு முத்து கட்டிக்கொண்டிருந்தது.
பிடி விட்டது.
ஏறியது.
அடுத்தது.

நாற்பத்தாறு வயதில்
கோட்டின் ஒரு கைக்குள் மட்டும் கை நுழைத்தபடி
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.
உதடு அசைந்தது, தமிழில்தான்;
எண்ணுவது என்றால் எனக்கு இன்னும் தமிழ்.
ஒன்பது.
நம்பாமல் மறுபடி எண்ணினேன். எட்டு.
இன்னொரு முறை. ஒன்பது.

ஒட்டுச்சீட்டில் எழுதிப் பீக்கரில் ஒட்டினேன்:
மேசை ஐந்து. மாலை 4.25. பத்து செ.மீ.
ஒன்பது, எட்டு, ஒன்பது.
இருபது செ.மீ.: எண்ணவில்லை, பஸ்.

விளக்கை அணைத்தேன்.
அணைத்த பிறகும் ஒன்று வந்தது.
அதைச் சேர்க்கவில்லை.