நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு

எட்மன்டனில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
இரவு வேலைக்குப் போகுமுன் கோகுலன் உறங்குகிறான்.
அவனுடைய கம்பளிக் காலுறையைத்தான்
கிட்டாரின் வாயில் திணித்திருக்கிறேன்.
கீழ்வீட்டுத் திருமதி ஹல்யுக்
துடைப்பக் கட்டையால் தன் சீலிங்கைத் தட்டுவார்.
ஒரு தட்டு என்றால் எச்சரிக்கை,
மூன்று என்றால் வீட்டுக்காரருக்குக் கடிதம்.
இப்படித்தான் நான்
சத்தமாக வாசிக்கப் பழகுகிறேன்.

மெட்ரோனோம் எண்பது.
தகதிமி தகதிமி, கீழ் மேல் கீழ் மேல்.
எண்பத்தெட்டில் கை என்னுடையது.
தொண்ணூற்றாறில் பாதி என்னுடையது.
நூற்றுப் பன்னிரண்டில்
முழங்கை இறுகி, தோள் காதுவரை ஏறி,
பல்லைக் கடித்தபடி
யாரோ ஒருத்தி என் கையைப் பிடித்து உலுக்குகிறாள்.
நாலு சுரத்தில் ஒன்று
கழுநீரோடு போகும் அரிசி மாதிரி
எங்கோ போய்விடுகிறது.

தடித்த பிக் வாங்கினேன்.
ஒன்றரை மில்லிமீட்டர், ஏழு டாலர்.
சத்தம் தடித்தது.
வேகம் போட்ட இடத்திலேயே கிடந்தது.

புதன்கிழமைகளில் லீஜன் மண்டபத்துப் பின்னறை.
பன்னிரண்டு நாற்காலி, ஒரு வட்டம்.
ஒலிபெருக்கி கிடையாது, அங்கே அதுதான் மரியாதை.
தகரத்தில் ஆலங்கட்டி கொட்டுவதுபோல டுவெய்னின் பேஞ்சோ.
என் முறை வந்தால்
எல்லோரும் தணித்து இடம் விடுவார்கள்.
அந்தத் தணிவிலும் நான் கேட்கமாட்டேன்.
“அழகாக இருந்தது” என்பாள் ஃபிடில் மார்லீன்.
கேட்காத ஒன்றை அழகென்று சொல்லப்
பெரிய மனசு வேண்டும்.
அந்த மனசின்மேல் எனக்கு
வீடு வரும்வரை கோபம்.

ஒரு வியாழன், காலை ஆறரை.
கார்க் கண்ணாடியில் விரல் கனத்துக்குப் பனிக்கட்டி.
சுரண்டியைத் தட்டையாக வைத்தால் வழுக்குகிறது,
நட்டமாக வைத்தால் முட்டி நிற்கிறது.
கொஞ்சம் சாய்த்தேன்.
பிடி தளர்ந்தது
(அறிவால் இல்லை, விரல் மரத்துப்போனதால்).
சர்ரென்று
முழ நீளத்துக்கு உரிந்து வந்தது பனி.
எதிர்வீட்டுக்காரர் பார்த்திருப்பார்,
இஞ்சின் ஓட, கதவு திறந்து கிடக்க,
சுரண்டியால் காற்றில் தகதிமி போட்டுக்கொண்டிருந்தவளை.
வேலைக்குப் பதினோரு நிமிடம் தாமதம்.

அன்று மாலை எல்லாவற்றையும் கலைத்தேன்.
பிக்கின் நுனி நெல்மூக்கு அளவுக்கு மட்டும் வெளியே.
கம்பியோடு முட்டாமல் ஒரு சாய்வு.
பிடி, பஸ் டிக்கெட்டைப் பிடிக்கிற பிடி:
காற்றில் பறக்கவும் கூடாது, கசங்கவும் கூடாது.
ஈரக்கையை உதறுகிற அதே மணிக்கட்டு,
ஆனால் எள்ளளவு.
கீழடி அடுத்த கம்பியில் ஒரு கணம் சாய்ந்து
அங்கிருந்தே திரும்புகிறது.
மெட்ரோனோமை அறுபதுக்கு இறக்கினேன்.
வெட்கமாக இருந்தது.
மூன்று வாரம் அறுபதிலேயே குடியிருந்தேன்.

சத்தத்தை எங்கே சோதிப்பது?
மளிகைக்கடை வண்டி நிறுத்தத்தில்,
காரின் பின் இருக்கையில், ஹீட்டர் போட்டு,
காலுறையை உருவி எடுத்து.
முதல் அடியில் நானே திடுக்கிட்டேன்.
தள்ளுவண்டி அடுக்குகிற பையன்
நின்று திரும்பிப் பார்த்தான்.
மூச்சில் மங்கிய கண்ணாடிக்குப் பின்னால்
அவனுக்கு என்ன தெரிந்திருக்கும்.

மார்ச்சின் கடைசிப் புதன்.
என் முறை. தணித்தார்கள்.
தேவைக்கு மேலேயே தணித்துவிட்டார்கள்.
நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டிய ஏதோ ஒரு வேகம்,
டுவெய்ன் எதையும் எண்ணுவதில்லை.
வலது கை தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.
அதை வேடிக்கை பார்த்த நேரத்தில்
இடது கை ஒரு கட்டம் தவறி,
உருண்டு திரண்டு,
கடைசிக் கோட்டு மாட்டும் கொக்கிவரை போய் மோதிற்று
ஒரு பிழைச் சுரம்.

டுவெய்ன் என் பக்கம் திரும்பி
முகம் சுளித்தான்.
ஒன்றரை வருடத்தில்
முதல் தடவை.