கெடுதல்

ரெய்க்யவிக். டிசம்பர். காலை பத்து மணிக்கும்
ஜன்னலில் இருட்டு அப்பிக் கிடக்கிறது.
மரபணு ஆலோசகர் தாளை அவள் பக்கம் திருப்பி வைக்கிறார்.
ஐந்து எழுத்து விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.
எந்தக் காலத்திலோ யாருக்குள்ளோ நேர்ந்த பிழை,
பின்வந்தோர் திருத்தாமல் படியெடுத்தது.

தோன்றல், திரிதல், கெடுதல் என்று
நம் இலக்கணம் மூன்று விகாரம் சொல்லும்.
இது மூன்றாவது.

ஸ்டெய்ன்வோர் கெட்டில்ஸ்டோட்டிர்.
கெட்டிலின் மகள்: பெயரிலேயே அப்பா.
ஆனாலும் இத்தனை நாள் அம்மா வழியில்தான் தேடினாள்.
அங்கே எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள்.
அப்பாவின் தங்கை தோர்டிஸ் நாற்பத்தொன்றில் போனதை
யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நூறு பெண்களில் இத்தனை பேருக்கு, என்கிறார் ஆலோசகர்.
அவள் நூறு பெண் அல்ல.
வந்தே தீரும் என்றில்லை, வராது என்றும் இல்லை.
தம்பிக்கு நாணயம் மறுபக்கம் விழுந்திருக்கிறது.
போனில் அழுதான், தப்பித்ததற்காக.

அப்பா இரண்டு நாள் போனை எடுக்கவில்லை.
மூன்றாம் நாள், வடமேற்கிலிருந்து வந்த விமானத்தில் ஒரு பெட்டி:
பனிக்கட்டிக்குள் ஹாடக் மீன், முள் நீக்கியது.
நாற்பது வருஷம் படகில் நின்ற கை.
கூடவே ஒரு துண்டுச்சீட்டு:
"எனக்குத் தெரியாது."

வெண்ணெயில் வாட்டி நின்றபடியே தின்றாள்.
நாலாவது வாயில் நாக்கைக் குத்தியது
தப்பிவிட்ட ஒரு முள்.
எடுத்துத் தட்டின் ஓரம் வைத்தாள்.

அறுவையா, ஆண்டுதோறும் ஸ்கேனா,
திங்கட்கிழமை சொல்ல வேண்டும்.
அப்பாவிடம் மீன் நன்றாக இருந்தது என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது.