ஐந்து முகங்கள்

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச்சொல்லியிருந்தார்கள்.
வைத்துக்கொண்டுதான் வந்தார் சற்குணவதி அக்கா.
வூப்பர்ட்டாலில் மழை. மூன்றாம் மாடி.
தாதி இரண்டுதரம் ஷாம்பூ போட்டு அலசி
காற்றடித்து உலர்த்தி
நீச்சல் தொப்பிபோல ஒன்றை மாட்டிவிட்டார்.
அதில் நாற்பது சிறு விளக்குகள்.
"கலியாணப் பந்தல்மாதிரிக் கிடக்கே" என்றார்.
நான் அதை மொழிபெயர்க்கவில்லை.
மணிக்கூலி கேள்விக்கும் பதிலுக்கும்தான், பகிடிக்கு இல்லை.

ஆய்வின் பெயர் நீளம். பொருள் குட்டி:
பழசை நினைத்தால் வயசான மூளை விழிக்குமா,
மனம் தேறுமா.

திரையில் ஒரு பனைவரிசை.
பிறகு தேர். பிறகு கரையில் கவிழ்த்த தோணி.
டாக்டர் வீப்கே தேடித்தேடிச் சேர்த்த படங்கள்.
அக்கா மரியாதையாகப் பார்த்தார்,
யாரோ வீட்டுக் கலியாண ஆல்பம் பார்ப்பதுபோல.
கோடு படுத்தே கிடந்தது.
"உது ஊர் இல்லைப் பிள்ளை, கலண்டர்."
அதை மட்டும் மொழிபெயர்த்தேன்.

"அப்படியென்றால் நீங்களே ஏதாவது சொல்லுங்கள்."

கொஞ்ச நேரம் மழை மட்டும்.

எண்பத்தெட்டு. பிஸ்கற் ஃபக்டரி. இரவு வேலை.
பன்னிரண்டு மணித்தியாலம் நிண்டால்
ஒன்பதுக்குத்தான் சம்பளம் போடுவான் ரூடிகர்.
ஆறு மாதம் வாய் திறக்கேல்லை.
கிரேக்கக்காரி ஸ்டமாட்டியா
கக்கூசுக்குள்ள வைச்சு ஒரேயொரு வசனம் பழக்கினாள்.
ஒரு வெள்ளிக்கிழமை, பட்டி ஓடிக்கொண்டிருக்க,
சிவப்புப் பொத்தானை அமத்தினன்.
எல்லாம் நிண்டுது.
அத்தனை சனமும் பார்க்க அவனுக்குச் சொன்னன் –

அந்த வசனத்தை ஜெர்மனிலேயே சொன்னார்.
இலக்கணம் முழுக்கப் பிழை.
மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.
டாக்டர் வீப்கே கதிரையை முன்னுக்கு இழுத்தார்.
கோடு எழும்பியது,
பால் பொங்கிச் சட்டி விளிம்பைத் தேடுமே, அப்படி.

"மூன்று மணித்தியாலக் காசும் தந்தானோ?"
இது நான். விதிப்படி கேட்கக்கூடாது.
"தரேல்லை.
ஆனால் அடுத்த கிழமை எல்லாருக்கும் கதிரை வந்தது."

கடைசியில் ஒரு தாள்: ஐந்து வட்ட முகங்கள்,
அழுகையிலிருந்து சிரிப்புவரை.
இப்போது எப்படி இருக்கிறீர்கள், ஒன்றைச் சுற்றுங்கள்.
பேனையை வாயில் வைத்து யோசித்தார்.
"கோவமும் சந்தோசமும் ஒண்டா வந்தால் எது?"
வீப்கேயிடம் அதற்கு முகம் இல்லை.
அக்கா கடைசிச் சிரிப்பைச் சுற்றினார்.
பிறகு அதற்கு இரண்டு புருவம் கீறினார்,
தடிப்பாக, நடுவில் முட்டும்படி.

கணினிக்குள் புருவம் ஏறாது.
ஐந்து என்றுதான் பதிவாகும்.

தொங்குரயிலுக்கு நிற்கையில்
எண்ணெயில்லாத தலையைத் தடவிக்கொண்டு கேட்டார்:
"அடுத்த கிழமையும் வரட்டாம்தானே?
இன்னும் ஒருத்தன் இருக்கிறான், சொல்ல."