மூட்டையின் அடியில்

புதுவயல். இரவு ஒன்றே முக்கால்.
பாய்லர் அணைந்தும் சூடு அணையவில்லை.
தவிடு படிந்த விசைப்பலகைக்கு மேலே
நீளமான ஒரு பட்டியல்.
செயலியின் வேகத்தை எந்த டிரைவர் ஏற்றி இறக்குவது,
எந்தக் கவர்னருக்குக் கட்டுப்படுவது என்று
கெர்னல் கேட்கிறது.
போன வருடமும் கேட்டது.
படிக்காமல் என்டர் தட்டியவள் நான்தான்.

மதுரையிலிருந்து சரக்கு திரும்பி வந்தது,
நூற்று நாற்பது மூட்டை.
வாயில் வெள்ளை, நடுவில் வெள்ளை,
அடியில் ஒரு பிடி கறுப்பரிசி.
அடியில் என்றால் ஆள் வேலைதான் என்றார்கள்.
மட்டத்தைக் கீழே போட்டு நல்லதால் மூடுவது
அரிசிக்கடைத் தெருவில் யாருக்குத் தெரியாது?
சாக்குப் பிடிக்கிறவன் வெள்ளைக்கண்ணு.
பெயரைச் சொல்லியே ஒருவன் சிரித்தானாம்.
பதினோரு நாளாக அவருக்கு வேலை இல்லை.

என்னைக் கூப்பிட்டது கேமராவைத் துடைக்க.
கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.
சும்மா, வேறு செய்ய ஒன்றுமில்லாமல்,
வேகத்தை நொடிக்கொரு தரம் காட்டச் சொன்னேன்.
எண்ணூறு.
எண்ணூறு.
எண்ணூறு.

ஒரு மூட்டையைத் தைத்து மறுசாக்கு மாட்டும்வரை
மேல்கதவு மூடியிருக்கும், சரிவில் அரிசி இராது.
வேலை இல்லை போல என்று
செயலி எண்ணூறு மெகாஹெர்ட்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
கதவு திறக்கும்.
கறுப்பைக் கண்டு, கறுப்பென்று முடிவுகட்டி,
காற்றை ஊதச் சொல்வதற்குள்
கறுப்பு விழுந்திருக்கும்
புதுச்சாக்கின் அடியில்.
அப்புறம்தான் ஆயிரத்து அறுநூறு,
அப்புறம்தான் மூவாயிரத்து இருநூறு,
அதன்பின் ஒரு குருணை தப்பாது.

"கவர்னர்னா, பழைய ஆயில் இஞ்சின்ல
ரெண்டு குண்டு சுத்துமே, அதுவா?"
சோலையப்பன் கேட்டார்.
அதேதான், குண்டுக்குப் பதில் கணக்கு என்றேன்.
"அப்ப முழுசா முறுக்கி வச்சிரு."

மத்தியானமே முறுக்கிப் பார்த்தாயிற்று.
தகரக் கூரை, மே மாதம்,
விசிறியின் இடுக்கெல்லாம் உமித்தூள்.
அரைமணியில் தொண்ணூற்றாறு டிகிரி.
என்னையும் கேட்காமல் கவர்னரையும் கேட்காமல்
சில்லு தானாகவே படியிறங்கிவிட்டது.
உயிர்ப்பயம் அதற்கும் உண்டு.

அதனால் இப்போது வேறு டிரைவர்,
கீழ்ப்படியை நான் குறிக்க விடுகிற ஒன்று.
இதற்குமேல் இறங்காதே என்று
கிலோஹெர்ட்ஸில் எழுதவேண்டும்.
"இருபது லட்சம்" என்று முணுமுணுத்தபடி அடித்தேன்.
பின்னாலிருந்து சோலையப்பன் பதறினார்:
"ரூபாயா?"

கெர்னல் கட்டி முடிய மூன்றரை ஆனது.
ஐந்து மணிக்கு ஆறு மூட்டை ஓட்டி
ஆறையும் தலைகீழாகக் கொட்டினோம்.
டார்ச்சை வைத்துத் தேடினோம்.
வெள்ளை.
அறுபத்தெட்டு டிகிரியில் மிஷின் முனகிக்கொண்டிருந்தது.

"சரி, மிஷின்தானே, விடுங்க" என்றார் சோலையப்பன்.
மிஷின் இல்லை, நான் என்றேன்.
அதற்கு அவர் பதில் சொல்லவில்லை,
டீ வாங்க ஆள் அனுப்பினார்.

வெள்ளைக்கண்ணு சைக்கிளில் வந்தார்.
யாரோ போனில் பாதி சொல்லியிருக்கிறார்கள்.
"தூங்கிருச்சாம்ல?"
தூங்கவில்லை, சாக்கு மாத்துற நேரம் மெதுவாக இருந்தது.
"சாக்கு மாத்துறது நான்.
அந்த நேரம் நான் மூச்சு வாங்குனா
கூலியப் பிடிப்பாக."
பதினோரு நாள் கூலியைப் பற்றி
ஆபீஸ் பக்கம் பார்த்துத்தான் கேட்டார்.
ஆபீஸில் லெட்ஜர் புரளும் சத்தம் மட்டும் வந்தது.

காரைக்குடி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.
திரும்பிப்போய் அந்தக் கோப்பைத் திறந்தேன்.
இருபது லட்சத்துக்கு மேலே
இயந்திரம் படிக்காத குறியிட்டு ஒரு வரி:
இதைக் குறைக்காதே. வெள்ளைக்கண்ணு, பதினோரு நாள்.

அடுத்து இதைத் திறக்கப்போவதும் நான்தான்.
அன்றைக்கும் அவசரத்தில் இருப்பேன்.