எதற்கு என்று கேட்டார்

வியாழக்கிழமை. பில்த் வெல்ஸில் சாய்ந்த மழை.
ஈவோர் பிரைஸின் இரும்புக்கடைக்குள் நுழைந்து
மடக்குக் கத்தி ஒன்று வேண்டும் என்றேன்.
"எதற்கு, டெலித்?"
சும்மாதான் கேட்டார்.
கோட்டை உதறிக்கொண்டிருந்த என் கை
பாதியில் நின்றது.

லாயத்தில் வைக்கோல் கட்டின் கயிறு அறுக்க.
ஆப்பிள் நறுக்க.
குதிரையின் கால் கம்பிவலையில் சிக்கினால்
நான் பல்லால் கடித்துக்கொண்டிருக்க முடியாது.
போதுமா?
"அம்மாடி, போதும்" என்று
கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

பச்சைத் துணியில் பதினொன்று படுத்திருந்தன.
கறுப்பாக ஒன்றை எடுத்தேன்.
கட்டைவிரல் பட்டதும் பாய்ந்து விரிந்து
க்ளக் என்று பூட்டிக்கொண்டது.
"வேலைக்கென்றால் அதையும் வைத்துக்கொள்ளலாம்.
பையில் மறந்து சந்தைக்கு வந்தாயானால்
காரணம் சொல்ல வேண்டியது நீ" என்றார்.
பிறகு எஃகு அடிக்கோலை அலகோடு ஒட்டிப் பிடித்து:
"வெட்டும் விளிம்பு மூன்று அங்குலம்,
மேலே ஒரு மயிரிழை கூடாது.
மடங்க வேண்டும். பூட்டக் கூடாது.
அப்படியிருந்தால் எதற்கென்று
ஒருவரும் உன்னைக் கேட்கத் தேவையில்லை."

கேட்டது நீங்கள்தானே என்றேன்.
அவர் காதில் விழவில்லை.

போன மாதம், ஸ்வான்சீயில்,
பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக
ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன்.
கதவடைத்த அறையில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது.
சொல்லமாட்டேன், தலையணையிடம்கூட.
மண்டபத்தில் எல்லோரும் கேட்டதைச் சொல்லலாம்.
ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் போட்டு
கைமாற்றிக் கைமாற்றி எங்களுக்குத் தந்தார்கள்.
இவ்வளவுதானா கனம் என்று நினைத்தேன்.
ஒரு ரொட்டித் துண்டு அளவுகூட இல்லை.
அவனுக்குப் பத்தொன்பது வயது.
புதுச்சட்டையில் கடைக்காரன் மடித்த கோடு கலையவில்லை.
எதற்காக எடுத்துப் போனீர்கள் என்று கேட்டார்கள்.
வாய் திறந்தான்.
யாரோ இருமினார்கள்.
வாய் மூடிக்கொண்டது.

"வெளிச்சத்தில் பார்" என்றார் ஈவோர்.
வில்லுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவில்
பகல் கசிந்தால் வாங்காதே.
விரித்துப் பக்கவாட்டில் அசை,
ஆடினால் வைத்துவிடு.
மூடும்போது அலகு நட்டநடுவில் இறங்குகிறதா,
ஒரு பக்கம் உரசுகிறதா?
கண்ணை மூடித் திறந்து பார்த்தேன், சத்தத்துக்காக.
மூன்றாவது கத்தி கட்டைக்குரலில் பேசியது.
ஆட்டுக்கொம்புப் பிடி. நகம் மாட்ட ஒரு பிறைக்குழி.
அலகின்மேல் நான்கு விரலை அடுக்கினேன்,
முனைகூட வெளியே தெரியவில்லை.
"துருப்பிடிக்கும் ஜாதி" என்று எச்சரித்தார்,
"துடைக்காவிட்டால் கறுத்துப்போகும்.
ஆனால் சாணைக்கல்லுக்குச் சொன்னபடி கேட்கும்."

நாற்பத்தாறு பவுண்டு.
பழுப்புத்தாளில் சுற்றும்போது சொன்னார்:
"ஒன்று. நீதிமன்ற வாசலில் மட்டும்
இதையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்."
தெரியும் என்றேன்.
எப்படி என்று கேட்பார் என்று பார்த்தேன்.
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

பேருந்துக்கு இன்னும் பதினெட்டு நிமிடம்.
நிழற்குடையில் எனக்குப் பக்கத்தில்
காதில் கம்பி மாட்டிய ஒரு பையன்.
ஆப்பிளை எடுத்தேன். கத்தியை விரித்தேன்.
அவன் சற்றே தள்ளி உட்கார்ந்தான்.
தோல் இலேசாகப் பிரிந்தது, நல்ல பதம்.
கொட்டையைத் தோண்ட முனையைத் திருப்பி
தப்பான பக்கம் அழுத்தினேன் போலிருக்கிறது,
பூட்டில்லாத அலகு
சட்டம் சொன்னபடியே மடங்கி
என் ஆட்காட்டி விரலில் வந்து உட்கார்ந்தது.

பெரிய காயமில்லை.
விரலை வாயில் வைத்துக்கொண்டு
மிச்ச ஆப்பிளைப் பையனிடம் நீட்டினேன்.
எதற்கு என்பதுபோல் பார்த்தான்.
வாயில் விரல் இருந்ததால்
பதில் சொல்ல முடியவில்லை.
பேருந்து வந்தது.
துடைக்க மறந்த எஃகில்
ஆப்பிளின் புளிப்பு
அதற்குள் ஒரு நீலக் கறையாக
ஏறத் தொடங்கியிருந்தது.