ஈயம் உருகிய வயல்

மூன்று நாள் தோண்டியும்
டார்பிஷர் குன்றின் மேல்
உலை இருந்த இடம் அகப்படவில்லை.
அளவைப் படத்தில் அந்த வயலுக்குப் பெயர்கூட இல்லை,
வெறும் எண்: நானூற்றுப் பன்னிரண்டு.

நான்காம் நாள் மழை.
கூடாரத்துக்குள் குனிந்து வந்த ஹெட்லி ஹாலம்
பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து வைத்தார்.
மாட்டு டாக்டரின் ரசீதுகள்,
ஐம்பத்தேழிலிருந்து.
"மேல் மூலையில் மேய்ந்ததெல்லாம்
கண் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது.
அப்பா காலத்தில் ஏழு.
எனக்கு நாலு."

விழுந்த இடங்களையல்ல,
மேய்ந்த இடங்களைக் கேட்டுக் கேட்டு
தாம்சின் படத்தில் சிவப்புப் புள்ளி வைத்தாள்.
புள்ளிகள் கூடி
வடகிழக்கே வால் நீண்ட கறை ஆயின.
ஐந்நூறு வருடத்துக்கு முன்
தென்மேற்குக் காற்று புகையைத் தள்ளிய வழி.

கறையின் தலைமாட்டில் இறங்கியது மண்வெட்டி.
முழங்கால் ஆழத்தில்
வெந்து சிவந்த கல்,
கண்ணாடி மாதிரி கசடு,
எந்தத் தேவாலயக் கூரைக்கும் போய்ச் சேராமல்
சிந்திப்போன
நகக்கண் அளவு ஈயம்.

நாங்கள் கத்திக் கொண்டாடினோம்.
நீட்டியதை ஹெட்லி கையில் வாங்கவில்லை.
குனிந்து பார்த்தார்.
"பதினொன்று" என்றார்.

போகிற வழியில்
வேலிக் கதவின் கொக்கியை
இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.