குடை கொண்டுவர வேண்டாம்

வால்டிவியாவில் ஆகஸ்ட் என்பது
மழை நின்று யோசிக்கும் இரண்டு மணி நேரம்.
மற்றதெல்லாம் மழை.
அந்த இரண்டு மணி நேரத்தைத்தான்
சேர்க்கை ஆலோசனை நாள் என்று அறிவித்திருந்தார்கள்.

வனவியல் துறை மேசை என் பொறுப்பு.
இரண்டாம் ஆண்டு. பச்சைச் சட்டை.
"எதையும் கேளுங்கள்" என்று நெஞ்சில் எழுதியிருக்கும்.
எதையும் யாரும் கேட்பதில்லை.
மதிப்பெண் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு,
படித்தால் வேலை உண்டா என்று அப்பாக்கள் கேட்பார்கள்.
பிள்ளைகள் இலவசப் பேனாவை எடுத்துக்கொண்டு
ஆற்றங்கரையில் கடற்சிங்கம் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஃபுத்ரோனோவிலிருந்து வந்தவன் பெயர் எலிகுரா.
நனைந்த கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து
பிளாஸ்டிக் உறையில் ஒரு தாளை எடுத்தான்.
பத்தொன்பது கேள்விகள்,
பத்துப் பதினொரு கையெழுத்துகள்.
வகுப்பே காசு போட்டு
ஒரேயொரு பேருந்துச் சீட்டு வாங்கியிருக்கிறது.

"ஒன்று," என்றான், தொண்டையைச் செருமி,
நீதிமன்றக் குமாஸ்தா மாதிரி.
"வாடகை அறையில் மெத்தை பூஞ்சை பிடிக்குமா?"
பிடிக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடு.
"விறகுக் காசு தனியா, வாடகையில் சேர்த்தியா?"
முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்.
என் வீட்டுக்காரி தோன்யா இஸ்மேனியா
குளிக்கும் நிமிடத்தையும் எண்ணுவாள்.
"வேலைநிறுத்தம் வந்தால் உணவகம் திறந்திருக்குமா?"
இராது. அரிசி வாங்கி வை.
"நூலகம் இரவில் சூடாக இருக்குமா?"
பதினொரு மணிவரை.
பாதிப்பேர் படிப்பதே அதனால்தான்.
"எங்கள் மாபுச்சே பெயரை வருகைப் பதிவில்
சரியாக வாசிப்பார்களா?"
மூன்றாம் வாரத்தில், நீ திருத்திக்கொண்டே இருந்தால்.
"குடை?"
வேண்டாம். இந்த ஊர்க் காற்று குடையைத் தின்னும்.
ரப்பர் பூட்ஸ் வாங்கச் சொல், ஒரு அளவு பெரிதாக,
உள்ளே இரண்டு காலுறை போட.

எல்லாவற்றையும் பென்சிலால் எழுதினான்,
மீன் எடை குறிப்பவன் போல,
கூட்டாமல் குறைக்காமல்.

ஏழாவது, உருண்டையான சின்ன எழுத்தில்:
"நீங்கள் எதிலாவது தோற்றிருக்கிறீர்களா?"

என் பைக்குள் மடித்த கடிதம் ஒன்று இருந்தது.
கால்குலஸ். இரண்டாம் முறை.
மூன்றாவதும் போனால் என் இடமும் போகும்.
காதைச் சொறிந்துகொண்டேன்.
"இல்லை," என்றேன்.
பென்சில் ஒரு கணம் நின்றது.
பிறகு எழுதினான்.

எட்டு, ஒன்பது, பத்து.
"ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்?"
துணி காயாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.
அதற்கு மட்டும் சிரித்தான்.

பத்தொன்பதும் முடிந்தபோது
பேருந்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது.
ஆளுக்கொரு சோப்பாய்பியா வாங்கினேன்.
கடுகுச் சாற்றைத் தாராளமாக விட்டுக்கொண்டான்.
"இதில் உன் கேள்வி எது?"
"ஒன்றுமில்லை," என்றான்.
"ஏப்ரலிலேயே பள்ளியை விட்டாச்சு.
மீன் பண்ணையில் இரவு வேலை.
செவ்வாய்க்கிழமைப் பகலில்
வேலையில்லாதவன் நான் ஒருவன்தானே."

மாலைப் பள்ளித் துண்டறிக்கை ஏதாவது இருக்கிறதா என்று
மேசைக்கடியில் குனிந்து தேடினேன்.
பேனாக்கள்தான் இருந்தன.
ஒன்று கொடுத்தேன்.
பென்சிலோடு சேர்த்துச் செருகிக்கொண்டான்.
மழை யோசித்து முடித்திருந்தது.

மார்ச் மாதம்.
பதிவு வரிசையிலிருந்து ஒருத்தி
என் பச்சைச் சட்டையைப் பார்த்து வந்தாள்.
ரப்பர் பூட்ஸ், ஒரு அளவு பெரிது,
தரையில் தப்புத் தப்பென்று.
"நான் லிகான்ராயேன். ஏழாவது கேள்வி என்னுடையது."
தாளின் நகலை நீட்டினாள்.
என் "இல்லை"க்குப் பக்கத்தில்
அடைப்புக்குறிக்குள் அவன் எழுதியிருந்தான்:
தோற்றிருக்கிறார்.
இன்னும் இங்கேதான் இருக்கிறார்.

எலிகுரா எப்படி இருக்கிறான்?
"தூங்கிக்கொண்டிருப்பான் இந்நேரம்.
கால்குலஸ் வகுப்பு எந்தப் பக்கம்?"

வா, என்றேன்.
மூன்றாம் தடவை போகிறேன்,
வழி நன்றாகவே தெரியும்.